பிரேக் இன்ஸ்பெக்டர் வரும் வரை

சிவகாசி
14-9-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். இயேசப்பா பேரில் கெஞ்சிக் கேட்கிறேன். படித்ததும் ஒர்க்‌ஷாப் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் எழுதுவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன்.

கர்த்தர் மதுரையில் உங்களைச் சுகமாய் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். அம்மாவின் இளைப்பு முன்னைக்குப் பரவாயில்லை. அப்பா சுகம் என்று எழுத முடியவில்லை. அப்பா விருதுநகர் சப்-ஜெயிலில் இருக்கிறார்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் சின்ன முதலாளி அந்தப் பச்சைக் காரை எடுத்தார். மில் துரையிடம் பெரிய முதலாளி வாங்கினாரே, மேலே கூரை இல்லாத இரண்டு ஆள் சீமைக் கார், அதைத்தான். அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அவரே ஓட்டினார். விஸ்வநத்தம் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி சீசன் வேலை முடிந்து பெண்கள் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் வந்த தங்கத்தாய் அக்காமேல் கார் ஏறிவிட்டது. உங்களுக்கு அவளைத் தெரியும். நம்மிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள், கையெல்லாம் வெள்ளிப் பவுடர் மினுங்கும். அங்கேயே உயிர் போய்விட்டது.

ஓட்டியது யார் என்பதை மறைக்க முடியவில்லை. பின்னால் வந்த வேன் நிறைய ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அதனால் சின்ன முதலாளி போலீசில் வேறு மாதிரி சொல்லிவிட்டார். "நான் மிதிச்சேன், பிரேக்கு பிடிக்கல. டிரைவர் பொன்ராஜ் கண்ட எண்ணெயையும் ஊத்திக் கெடுத்து வச்சிருக்கான்." பெரிய முதலாளி கனகசபாபதி ஐயாவும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார். சின்ன முதலாளி வீட்டில் இருக்கிறார். அப்பா உள்ளே இருக்கிறார்.

அன்று காலையில் அப்பா பிரேக் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? பிரேக் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? எனக்குச் சொல்லிக் கொடுங்கள். கார் ஸ்டேஷனில் இல்லை, இடமில்லையாம். கம்பெனி ஷெட்டில்தான் நிற்கிறது. அம்மா சுற்றும் வெடிக் குழாய்களைக் கூடையில் கொண்டுபோய்ப் போடுவது நான்தானே. போகிற வழிதான்.

பதிலை எங்கள் பள்ளிக்கூடம் இசபெல் டீச்சர் பெயருக்கு அனுப்புங்கள். பிரிக்காமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் தங்கை,
ஜெயசீலி

மதுரை
19-9-1958

அன்புள்ள சீலிக்கு அண்ணன் எழுதுவது.

நான் நல்ல சுகம். சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவை மூன்று வேளையும் கஷாயம் குடிக்கச் சொல். நீயும் அழுது காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளாதே.

ரசத்தில் உப்புப் பார்க்கத் தெரியாத கழுதை, பிரேக் பார்க்கப் போகிறாயாக்கும். சரி, கேள். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார். நடுவில் இருப்பதுதான் பிரேக் மிதி. ஒரே மூச்சாக அழுத்து. தரைவரைக்கும் போனால் கெட்டது. பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. பாதியில் கல் மாதிரி நின்றால் நல்லது. நின்ற காலை எடுக்காமல் பரமண்டல ஜெபத்தை ஒருமுறை முழுக்கச் சொல். ஆமென் சொல்லும்வரை மிதி இறங்காமல் இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு நான்கு சக்கரத்துக்கும் பின்னால் கைவிட்டுத் தடவு. ஈரம் இருக்கக் கூடாது. கடைசியாகக் கால் வைக்கும் பலகையைத் தூக்கினால் ஒரு சின்ன எண்ணெய் டப்பா தெரியும். மூடியைத் திருகி முகர்ந்து பார். அப்பா விருதுநகர் பேட்டையில் வாங்கும் விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்துதான் ஊற்றுவார். இங்கே டப்பாவில் விற்கும் பிரேக் ஆயிலும் விளக்கெண்ணெயில் செய்ததுதான். அந்த வாசம் அடித்தால் கவலையில்லை.

ஷெட்டுக்குள் விளக்கோ தீப்பெட்டியோ கொண்டுபோகாதே. பக்கத்து அறையில் வெடிமருந்து இருக்கும். கை சொல்வதையும் மூக்கு சொல்வதையும் நம்பு.

கனகசபாபதிக் கிழவன் இருபது வருஷம் நம் அப்பாவிடம் வேலை வாங்கிவிட்டு இப்படிச் செய்திருக்கிறான். அவனை விடப்போவதில்லை.

உன் அண்ணன்,
ராஜசிங்

சிவகாசி
26-9-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா கஷாயம் குடிக்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பார்த்துவிட்டேன். வாட்ச்மேன் இருளாண்டித் தாத்தா கேட்டில் இருந்தார். "ஏத்தா, கூடைய வச்சுட்டு எங்கன போற?" என்றார். அப்பாவின் துண்டு காரில் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றேன். "சட்டுனு எடுத்துட்டு வா. நான் எதையும் பாக்கல, எனக்கு மாலைக்கண்ணு" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மிதி பாதியில் நின்றது. கல்தான். ஜெபத்தைப் பயத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டேன், அதற்கும் இறங்கவில்லை. எண்ணெய் டப்பா நிறைய இருக்கிறது. விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும்தான், அப்பாவின் காக்கிச் சட்டை மாதிரியே மணத்தது. சக்கரங்களுக்குப் பின்னால் ஈரம் இல்லை.

இடப்பக்க முன் சக்கரத்தைத் தடவும்போது கம்பிகளுக்கு நடுவில் என்னமோ குத்தியது. வெளிச்சத்துக்கு வந்து பார்த்தேன். கண்ணாடி வளையல் துண்டு. நீலம், தங்கத்தாய் அக்கா போட்டிருந்த நிறம். அதைக் கீழே போட முடியாமல் தாவணி முனையில் முடிந்துகொண்டேன்.

பிரேக் நன்றாக இருக்கிறதுதானே? அப்படியென்றால் அப்பாவை விட்டுவிடுவார்கள்தானே?

உங்கள்,
ஜெயசீலி

மதுரை
1-10-1958

அன்புள்ள சீலிக்கு,

உன் சுகத்தையும் அம்மா சுகத்தையும் அறிந்து சந்தோஷம். இங்கே மேஸ்திரிக்கே நீ பாடம் எடுக்கலாம் போலிருக்கிறது.

பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன முதலாளிதான் மிதிக்கவேயில்லை. இனி ஒன்றே ஒன்று பாக்கி. ஷெட் தரை வாசலைப் பார்த்துச் சரிவாக இருக்கும். சக்கரத்துக்கு வைத்திருக்கும் கல்லை எடுத்துவிட்டு, சீட்டில் ஏறிக் கைப்பிரேக்கை விடு. கார் தானாக நகரும். நகர்ந்ததும் மிதி. அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிறகு கைப்பிரேக்கை இழுத்துக் கல்லை வைத்துவிடு.

வெளியே வருமுன் டப்பாவிலிருந்து கொஞ்சம் எண்ணெயை ஒரு மருந்துக் குப்பியில் எடுத்து வைத்துக்கொள். ஏன் என்றால், இந்த ரப்பருக்கு என்ஜின் ஆயில் விஷம். ஒரு கரண்டி ஊற்றினால் போதும், சில நாளில் வாஷர் ஊறிய புளியங்கொட்டை மாதிரி உப்பிவிடும். முதலில் மிதித்த பிரேக் விடாது, அப்புறம் பிடிக்கவே பிடிக்காது. அவர்கள் அதைச் செய்துவிட்டால் பழியை அப்பாமேல் போடலாம். குப்பி நம் கையில் இருந்தால் முடியாது. எங்கே வைக்கிறாய் என்று யாரிடமும் சொல்லாதே. என்னிடமும் எழுத வேண்டாம்.

விபத்து வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அவர் வரும் நாள் தெரிந்தால் எழுது. நானே வந்து அவர் முன்னால் நின்று சொல்கிறேன்.

உன் அண்ணன்,
ராஜசிங்

சிவகாசி
9-10-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே மழை எப்படி? இங்கே மழை வந்தால் குழாய் காயாது என்று அம்மா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் சொன்னபடி கல்லை எடுத்தேன். கைப்பிரேக்கை விட்டதும் கார் உயிர் வந்த மாதிரி நகர்ந்தது அண்ணா. எனக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். ஒரு முழம்கூடப் போகவில்லை, நெற்றி ஸ்டியரிங்கில் இடிக்கிற மாதிரி நின்றது. அவரும் இப்படி மிதித்திருந்தால் தங்கத்தாய் அக்கா பிழைத்திருப்பாளே என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. குப்பியில் எண்ணெய் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அம்மாவும் நானும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா இளைத்துப்போயிருக்கிறார். ஆனால் சிரித்தார். "ஏட்டி, நல்லாப் படிக்கியா? இங்கன சோறு நம்ம வீட்டு நாய் திங்காது" என்றார். நான் கம்பிக்குப் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன், பிரேக் நன்றாக இருக்கிறது, நானே பார்த்தேன் என்று. அவர் முகம் மாறிவிட்டது. "சின்ன மொதலாளி கால் பிரேக்குப் பக்கமே போகலட்டி. நான் கத்துறேன், அவன் என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கான். நான் பயப்படுறது அவனுக்கு வேடிக்க. இத அம்மாட்ட சொல்லாத. ராஜசிங்கு வருவான். அவன் தொழில் படிச்ச பய, அவன் பேசிக்கிடுவான்."

நீங்கள் வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள்,
ஜெயசீலி

சிவகாசி
24-10-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாயிருக்கிறீர்களா? டீச்சரிடம் தினமும் கேட்கிறேன். கடிதம் வரவில்லை. காய்ச்சல் ஏதும் இல்லையே?

போன வாரம் பெரிய முதலாளி வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் முறை. உட்காரவில்லை. அம்மா சுற்றி வைத்திருந்த குழாய்களைக் கைத்தடியால் புரட்டிப் பார்த்தார்.

"பாக்கியவதி, இந்தக் குச்சில்ல எத்தன வருசமா இருக்கீக?"

"கல்யாணமாகி வந்ததுலருந்து ஐயா."

"வேற டிரைவர் வந்தா அவனுக்கும் வீடு வேணும்ல? தீபாவளி கழியட்டும்னு பாக்கேன். ஒம் மகன் மதுரைல எந்தப் பட்டறைல இருக்கான்?"

அம்மா சொல்லிவிட்டாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன், அதற்குள் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பொட்டப் பிள்ள நல்லா வளந்துருச்சே. படிச்சது போதும்ல? குழாய் சுத்த வரட்டும்."

அவர் போனதும் அம்மா என் முதுகில் அடித்தாள்.

அண்ணா, அவர் உங்களைத் தேடி வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள்,
ஜெயசீலி

மதுரை
5-11-1958

அன்புள்ள தங்கை ஜெயசீலிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது.

நான் இங்கே கர்த்தருடைய கிருபையால் பூரண சுகம். நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவுக்கு இளைப்பு எப்படி இருக்கிறது? பனி நேரம், வெந்நீர் கொடு. நீ வெளியில் அலையாதே, சளி பிடிக்கும். பாடங்களை ஒழுங்காகப் படி. இசபெல் டீச்சரைக் கேட்டதாகச் சொல்.

வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. இனி கார்ப் பக்கம் போக வேண்டாம். அதையெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் குப்பியை எங்கே வைத்திருக்கிறாய் என்று மறுதபாலில் எழுது.

இப்படிக்கு,
ராஜசிங்

சிவகாசி
13-11-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அம்மா வெந்நீர்தான் குடிக்கிறாள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னை நீங்கள் ஜெயசீலி என்று கூப்பிட்டதே கிடையாது. போகாதே என்று எழுதியிருந்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், நேற்றுச் சாயங்காலம் போனேன்.

மிதித்தேன். கீழே போன மிதி மேலே வரவில்லை. காலின் நுனியைக் கீழே கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. கல்லை எடுத்துவிட்டுக் கைப்பிரேக்கை விட்டேன். கார் நகரவில்லை, நான்கு சக்கரமும் கடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பலகையைத் தூக்கி முகர்ந்தேன். விளக்கெண்ணெய் வாசம் இல்லை. லாரி ஷெட் வாசம். விரலில் கறுப்பாக ஒட்டியது.

கிழவன் வேலையைக் காட்டிவிட்டான் என்று உங்களுக்கு எழுத ஓடி வந்தேன். கேட்டில் இருளாண்டித் தாத்தா நிறுத்தினார். "என்ன சீலி, தீவாளிக்கு முந்துன வாரம் அண்ணன் வந்தாகளே, பலகாரம் கொண்டாந்தாகளா?"

எந்த அண்ணன் என்று கேட்டேன்.

"ஒனக்கு எத்தன அண்ணன்? நம்ம ராஜசிங்குதான். பெரிய மொதலாளி வண்டியிலேயே வந்து எறங்குனாக. ஷெட்டுக்குள்ள ஒரு நாழி இருந்தாக. பிரேக்கு ரிப்பேருன்னாக. வீட்டுக்கு வரலையா? ஏத்தா, அப்ப நான் ஒண்ணும் சொல்லல, ஆள விடு."

அண்ணா, நீங்கள் சரிபார்க்கத்தான் வந்தீர்களா? நீங்கள் போனபிறகு வேறு யாராவது ஊற்றினார்களா? இருளாண்டித் தாத்தாவுக்கு மாலைக்கண்தானே, வேறு யாரையோ பார்த்திருப்பார். அப்படித்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் நம்பிவிடுவேன்.

உங்கள்,
சீலி

மதுரை
20-11-1958

ஜெயசீலிக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல்.

நீ சின்னப் பிள்ளை. உனக்குப் புரியும்படி எழுதுகிறேன், பிறகு இதைப் பற்றி எழுதாதே.

தங்கத்தாய் திரும்பி வரப்போவதில்லை. பட்டாசு லைசென்ஸ் சின்ன முதலாளி பெயரில் இருக்கிறது, அவர் உள்ளே போனால் கம்பெனிக்கு யார் ஆர்டர் எடுப்பது? எத்தனை வீட்டில் அடுப்பு அணையும் தெரியுமா? அப்பாவுக்கு அதிகம் போனால் ஆறு மாதம் போடுவார்களாம், முதலாளி ஐயா வக்கீலிடம் கேட்டுவிட்டார். குச்சில் வீடு அம்மாவுக்கே. நீ படிக்கலாம். எனக்கு விருதுநகர் ரோட்டில் முதலாளி ஐயா ஷெட் போட்டுத் தருகிறார். என் பெயரில் போர்டு. எத்தனை நாள் அடுத்தவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருப்பது?

அப்பா கஷ்டப்பட்டதெல்லாம் நமக்காகத்தான். இதையும் நமக்காகவே படுகிறார் என்று நினைத்துக்கொள். அவர் வெளியே வந்ததும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

குப்பி எங்கே என்று நீ எழுதவில்லை.

ராஜசிங்

சிவகாசி
26-11-1958

அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். நாங்களும் இருக்கிறோம்.

அப்பாவைச் சனிக்கிழமை பார்த்தேன். அம்மா வரவில்லை, இளைப்பு என்றாள். அப்பாவுக்கு இருமலில் ரத்தம் வருகிறது. அந்த ஆறு மாதத்துக்குள் இதையும் வக்கீல் சேர்த்துக் கணக்குப் போட்டாரா? "ராஜசிங்கு எப்ப வாரானாம்?" என்று கேட்டார். வருவான் என்றேன். வேறு என்ன சொல்வேன்? "அவன் வந்து பிரேக்கப் பாத்தான்னா போதும்ட்டி, எங்கையால செஞ்ச வேலைய அவன் தப்புச் சொல்ல மாட்டான்" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வரும்போது பஸ்ஸில் ஆமத்தூர் தாண்டும்வரை வாயில் தாவணியை வைத்துக்கொண்டே வந்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் நாளைக்குக் காலையில் வருகிறார். டீச்சர் விசாரித்துச் சொன்னார்கள். இந்தக் கடிதம் மதுரைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகப்போவதில்லை. கூடையோடு கம்பெனிக்குள் போய், அவர் ஷெட்டில் இருக்கும்போது அவர் முன்னால் போய் நிற்பேன். உப்பிய வாஷரைக் காட்டி அப்பாமேல் பழி சொல்வார்கள். நான் குப்பியைத் திறந்து முகர்ந்து பாருங்கள் ஐயா என்பேன். எந்த நாளில் எடுத்தேன், மிதி எங்கே நின்றது, கார் எவ்வளவு தூரம் நகர்ந்தது எல்லாம் சொல்வேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன். யார் ஊற்றினார்கள் என்று கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

குப்பி எங்கே என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். இனி எழுதினால் என்ன. இசபெல் டீச்சர் வீட்டு ஹார்மோனியப் பெட்டிக்குள் இருக்கிறது. காலையில் முதல் மணி அடிக்குமுன் போய் எடுத்துக்கொள்வேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. முதல் கடிதத்தில் கழுதை என்று எழுதினீர்களே, அந்த அண்ணன் எங்கே போனார் என்றுதான்

தெருக்கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்து போகிறாள். யாரென்று அவள் கேட்கவில்லை.

"வாப்பா. சாப்பிட்டியா? எங்க, மொதலாளி வண்டில இருக்காகளா?"

"இருக்காக. அவ எங்க?"

"அடுப்பங்கரைல. கதவச் சாத்திக்கிட்டு எழுதிக்கிட்டு இருக்கா. எல்லா ராத்திரியும் இதான். நான் தூங்குறேன்னு நெனப்பு."

அம்மாவுக்குத் தெரியும். இந்தத் தாளை எங்கே ஒளிப்பேன், டீச்சர் பெயரை எழுதிவிட்டேனே. விளக்கில் காட்டினால் வாசம்

இந்தக் கதவைத் தட்டுகிறார்கள். உங்கள் குரல்.

"சீலி, கதவத் தொறம்மா. நான் ஒண்ணும் வைய மாட்டேன். நாளைக்கு அந்த ஐயா கேட்டா நீ ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும். அப்பா என்ஜின் ஆயில் ஊத்துனத நீ பாத்த